நிறம் காட்டும் கைவிளக்கு: நெசவூரும் டார்ச் லைட்டின் வரலாறும்

டார்ச் லைட் என்பது கையிலோ சட்டைப்பையிலோ எடுத்துச் செல்லக்கூடிய, மின்கலத்தால் எரியும் சிறு விளக்கு. எழுத்தில் கைவிளக்கு, கைமின்விளக்கு என்பர். பேச்சில் பேட்டரி லைட். அதை வாங்குவோர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் அடிக்கும்?" என்பதுதான். "இந்த வெளிச்சத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியுமா?" என்று கேட்பவர் அரிது. ஆனால் இரண்டாவது கேள்வி பிழைப்போடு ஒட்டியதாக இருக்கும் ஊர்களும் உண்டு. நெசவூர்கள் அத்தகையவை.

சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மேட்டூர், தாரமங்கலம், எடப்பாடி ஆகிய ஊர்களைச் சுற்றிலும் கொண்ட ஜலகண்டாபுரம் பேரூராட்சி, கைத்தறியும் விசைத்தறியும் ஓடும் ஊர். தறி இருக்கும் இடம் பெரும்பாலும் வீட்டின் உட்பகுதி. குழித்தறி என்றால் தரைமட்டத்துக்குக் கீழே கால். பகலிலும் அங்கே வெளிச்சம் குறைவு. ஊடைக்குச் சுற்றிய தாரில் ஒன்று வேறு சாயத் தொட்டியில் ஊறிய நூலாக இருந்துவிட்டால், சேலையின் குறுக்கே ஒரு பட்டை விழும். இரவில் நெய்யும்போது அது கண்ணுக்குத் தெரியாது. காலையில் துணியை வெயிலில் விரிக்கும்போது பளிச்சென்று தெரியும். அதற்குள் சில முழம் ஓடியிருக்கும். பிரித்து நெய்ய வேண்டும், அல்லது பழுதுத் துணியின் விலைக்குத் தள்ள வேண்டும். எப்படியானாலும் அந்த நாள் கூலி போயிற்று. சந்தேகம் வந்தால் நூல் சிட்டத்தை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பிடித்துப் பார்க்கும் வழக்கம் எல்லா நெசவூர்களிலும் இருப்பது இதனால்தான். வாசலில் வெயில் இல்லாத நேரத்தில் எந்த விளக்கை நம்புவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

டார்ச்சுக்கு முன்

எண்ணெய் விளக்கு, மண்ணெண்ணெய் சிம்னி, அரிக்கேன் விளக்கு ஆகிய மூன்றும் நெருப்பின் ஒளி. சுடரில் பழுத்துக் கனலும் கரித்துகள்களே அந்த மஞ்சள் ஒளியைத் தருகின்றன. அதில் சிவப்பும் மஞ்சளும் ஏராளம். நீலம் மிகக் குறைவு. அரக்கு, குங்குமம், காவி ஆகிய நிறங்களை அந்த வெளிச்சத்தில் ஓரளவு பிரிக்கலாம். கருநீலத்தையும் கறுப்பையும் பிரிக்க முடியாது.

அடுத்து வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு வேறு வகை. அதில் ஒளிர்வது சுடரல்ல. மேண்டில் எனப்படும் வலைப்பை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் 1885-இல் உருவாக்கத் தொடங்கிய இந்த வலை, பின்னர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்த சாம்பல் கூடாக நிலைபெற்றது. அந்தத் தோரியத்துக்கான மோனசைட் மணல், 1909-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்து மணவாளக்குறிச்சியில் கண்டறியப்பட்டது. இன்று அது கன்னியாகுமரி மாவட்டம். உலகத்து மேண்டில்களின் வெளிச்சத்தில் ஒரு பங்கு தமிழ்க் கடற்கரை மணலிலிருந்து போனது என்பது நம் பாடநூல்களில் இடம்பெறத் தக்க செய்தி. மேண்டிலைத் தொட்டால் உதிர்ந்துவிடும் என்பதை 1984-ஆம் ஆண்டுத் திரைப்படமான 'வைதேகி காத்திருந்தாள்' தமிழ்நாட்டுக்கே மறக்க முடியாதபடி கற்பித்தது. மேண்டிலின் ஒளி சுடரைவிட வெண்மையானது, சற்றே பச்சை சாய்ந்தது. கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் அது பொருந்தியது. கையில் பிடித்து நூல் சிட்டத்தின் அருகே கொண்டுபோகும் விளக்கு அது அல்ல.

ஜலகண்டாபுரத்துக்கு அருகிலேயே மின்சாரம் பிறந்தது. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணையில் 1937-இல் மின்னுற்பத்தி தொடங்கியது. ஆனால் அணைக்கருகில் இருப்பதாலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் உடனே கம்பி வந்துவிடுவதில்லை. கம்பி வராத வீட்டுக்கும் வந்து சேர்ந்த மின்விளக்கு டார்ச்தான்.

பேட்டரி லைட் வந்த கதை

டார்ச்சுக்கு முதலில் தேவைப்பட்டது, சாய்த்தாலும் சிந்தாத மின்கலம். பிரான்சு நாட்டின் ஜார்ஜ் லெக்லாஞ்சே 1866-இல் அமைத்த கலத்தில் திரவம் இருந்தது. ஜெர்மானியரான கார்ல் காஸ்னர் 1880-களில் அதை உலர்கலமாக்கினார். 1899 ஜனவரி 10 அன்று டேவிட் மிசெல் என்பவருக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. ஒரு குழாய்க்குள் உலர்கலங்களை வரிசையாக அடுக்கி, முனையில் ஒரு பல்பும் பித்தளைப் பிரதிபலிப்பானும் வைத்த அமைப்பு அது. இன்றுவரை டார்ச்சின் உருவம் அதிலிருந்து பெரிதும் மாறவில்லை. ரஷ்யப் பேரரசிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கான்ராட் ஹூபர்ட்டின் நிறுவனம் அதைத் தயாரித்தது. எவரெடி என்ற பெயர் அங்கிருந்து வந்ததே. அந்நாளைய கலங்கள் விரைவில் களைத்துவிடும். ஆகவே சில நொடி எரித்து அணைப்பார்கள். கரி இழைக்குப் பதிலாக, 1910-ஐ ஒட்டி வில்லியம் கூலிட்ஜ் உருவாக்கிய நீண்டு வளையும் டங்ஸ்டன் இழை வந்த பிறகே டார்ச் நின்று எரியத் தொடங்கியது.

இந்தியாவில் 1934-இல் எவரெடி கம்பெனி பதிவு செய்யப்பட்டது. 1939-இல் கல்கத்தாவின் காசிப்பூரில் மின்கலத் தொழிற்சாலை வந்தது. 1952-இல் சென்னையிலும் ஒன்று தொடங்கியது. டார்ச்சுகளுக்கென்று லக்னோவில் 1958-இல் ஆலை அமைந்தது. இந்த நிறுவனம் அடுத்த ஆண்டு யூனியன் கார்பைடு இந்தியா என்று பெயர் மாறியது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்த பூச்சிமருந்து ஆலை இதே நிறுவனத்துடையது. ஒன்பது என்ற எண்ணுக்குள் பூனை பாயும் படத்தோடு வீட்டுக்கு வீடு இருந்த பேட்டரிக் கட்டைக்கும் அந்தப் பேரழிவுக்கும் பெயர் வழியாக இருந்த தொடர்பு பலருக்கு நினைவில் இல்லை. பின்னர் ஜீப், 1970-களில் நிப்போ என்று வேறு பெயர்களும் கடைகளுக்கு வந்தன.

அந்நாளில் டார்ச்சின் மதிப்பைச் சொல்ல ஒரே அளவுகோல் கட்டைகளின் எண்ணிக்கை. இரண்டு கட்டை வீட்டுக்கு, மூன்று கட்டை வயலுக்கு, ஐந்து கட்டை காவற்காரருக்கு. இரண்டு கட்டை லைட்டின் பல்பு தந்த ஒளி இன்றைய கணக்கில் பத்து லூமனை ஒட்டியதுதான். இன்றைய விரலளவு விளக்கு அதைப்போல் இருபது மடங்கு தரும். இருந்தும் அந்தப் பழைய பல்பிடம் ஒரு நற்குணம் இருந்தது. பழுத்த டங்ஸ்டன் இழையின் ஒளியில் சிவப்பிலிருந்து நீலம் வரை எந்த நிறமும் இடையில் அறுபடாமல் தொடர்ந்து இருக்கும். நீலம் மெலிவு, ஆனாலும் அறவே இல்லாமல் போகாது. இதை யாரும் ஒரு சிறப்பாக எண்ணவில்லை. இல்லாமற்போன பிறகே தெரிந்தது.

ஒரே நூல், இரண்டு நிறம்

பொருளுக்கு நிறம் தானாக இல்லை. விழும் ஒளியில் எந்தப் பகுதியை அது திருப்பி அனுப்புகிறதோ, அதுவே நமக்கு அதன் நிறம். விழும் ஒளியில் சிவப்பே இல்லாவிட்டால் சிவப்பு நூல் எதைத் திருப்பி அனுப்பும்? நம் ஊர்ச் சாலைகளில் பல காலம் எரிந்த மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் சிவப்புச் சட்டை மண்ணிறமாகத் தெரிந்தது இதனால்தான்.

நெசவாளருக்கு இதைவிடச் சிக்கலான ஒரு தொல்லை உண்டு. இரண்டு சிட்டங்கள் ஒரு விளக்கின் கீழ் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். வேறொரு விளக்கின் கீழ் பிரிந்து தெரியும். வெவ்வேறு சாயக் கலவைகளால் ஒரே நிறத்தை எட்டும்போது இது நேர்கிறது. மெட்டாமெரிசம் என்று இதற்குப் பெயர். 1856-இல் வில்லியம் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயங்களில் ஒன்றான மாவ் நிறத்தைக் கண்டறிந்தார். 1868-இல் மஞ்சிட்டி வகைச் செடிவேரின் சிவப்புக்குச் செயற்கை மாற்று வந்தது. 1897-இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. ஒரே நிறத்துக்குப் பல வழிகள் உண்டானபின் இந்தத் தொல்லையும் பெருகியது. ஒரு பட்டறைச் சாயத்தில் பாவும் மற்றொரு பட்டறைச் சாயத்தில் ஊடையும் வரும் இடத்தில் இது நேர எப்போதும் இடமுண்டு.

ஆனால் நிறம் மாறித் தெரிந்தால் எல்லாப் பழியும் விளக்குக்கு அல்ல. பாரிசில் கோபெலின் திரைச்சீலைப் பட்டறையின் சாயத் துறைக்கு 1824-இல் தலைவரான மிஷெல் செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பை வேறாகக் காட்டியது. கரையோடு சேர்ந்து உடலின் நிறம் மாறித் தோன்றுவதை நம் நெசவாளர் ஏட்டுப் பாடம் இல்லாமலே அறிவர்.

1938-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டியூப் லைட், நம் தறிக்கூடங்களுக்கும் வந்தது. அதிக வெளிச்சம், குறைந்த செலவு. ஆனால் அதன் நிறமாலை தொடர்ச்சியானதன்று. சில இடங்களில் கூர்மையான முகடு, சில இடங்களில் பள்ளம். நிறம் கெடுகிறது என்று உலகெங்கும் குறை எழுந்ததால், பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1965-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டு 1974-இல் திருத்தியது. அதுவே சி.ஆர்.ஐ. எனப்படும் நிறங்காட்டு எண். குறிப்பிட்ட எட்டு வண்ண மாதிரிகள் ஒரு விளக்கின் கீழும், அதே நிறவெப்பநிலை கொண்ட ஒப்பீட்டு ஒளியின் கீழும் எவ்வளவு மாறுபடுகின்றன என்று கணக்கிட்டு, மாறுபாடே இல்லையெனில் 100 என்று மதிப்பிடுவது முறை.

இந்த எட்டு மாதிரிகளும் வெளிர் நிறங்கள். சேலைக் கரையின் அடர்சிவப்பு அவற்றில் இல்லை. அது ஒன்பதாவது மாதிரி. ஆர் 9 என்று தனியே குறிக்கப்படும், சராசரியில் சேராது. ஆகவே சி.ஆர்.ஐ. 80 என்று அட்டையில் அச்சிட்ட விளக்கு, ஆர் 9-இல் சுழியத்தை ஒட்டி நிற்கலாம். எட்டுப் பாடத்தில் தேறிய மாணவன் ஒன்பதாவது பாடத்தின் மதிப்பெண்ணை மறைத்துக் காட்டும் அட்டை அது.

வெள்ளை எல்.இ.டி. வந்ததும் போனதும்

ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார். 1996-இல் அதே நிறுவனம் நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பரைப் பூசி வெள்ளை ஒளியை வெளியிட்டது. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். நீலம் 450 நானோமீட்டரில் ஓங்கி நிற்கும். 480-ஐ ஒட்டி ஒரு பள்ளம். 630-க்கு மேல் சிவப்பு மெலிந்துவிடும். நீல எல்.இ.டி.க்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அது தகுதியான பரிசே. ஆனால் முதல் தலைமுறை வெள்ளை எல்.இ.டி.யின் கீழ் உள்ளங்கையைப் பார்த்தவர்கள் அது இரத்தம் வற்றியதுபோல் வெளிறியிருந்ததை மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தியாவில் அந்த ஒளியைப் பலர் முதலில் கண்டது தனி டார்ச்சில் அல்ல, 2003-இல் வந்த நோக்கியா 1100 கைப்பேசியின் தலையில். 2008-க்குப் பின் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை நீண்ட மின்வெட்டு வாட்டியபோது, மலிவான சார்ஜர் லைட்டுகள் வீடுதோறும் நுழைந்தன. பிரகாசத்தில் பழைய மூன்று கட்டை லைட் அவற்றின் அருகே நிற்க முடியாது. பேட்டரி கசிந்து உள்ளே வெள்ளைப் பொடி பூக்கும் தொல்லையும் இல்லை. பித்தளை டார்ச்சுகள் பரணுக்குப் போயின. வெளிச்சம் பன்மடங்கு கூடியது. அரக்கும் மண்ணிறமும் ஒன்றாகத் தெரியத் தொடங்கின. கூடியது கண்ணில் பட்டது, குறைந்தது படவில்லை.

இந்த இழப்பு தறியோடு நிற்பதில்லை. வீட்டு மின்கம்பியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் மின்னோட்டம் உள்ளவை, கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். தூசு படிந்த பெட்டிக்குள் நீலத்தையும் கறுப்பையும் மாற்றிப் பார்த்தால் உயிருக்கே ஆபத்து. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து இரவில் மோட்டார் போட வயலுக்குப் போகும் விவசாயிக்கு, செம்மண்ணில் கிடக்கும் சுருட்டை விரியன் தனியாகத் தெரிய வேண்டும். கண்ணின் வெண்மையில் மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் செவிலியருக்கும் இதே தேவைதான்.

தேர்ந்தெடுக்கும் முறை

குறையைச் சரிசெய்ததும் பாஸ்பர் வழியாகவே. மஞ்சளோடு சிவப்பாக ஒளிரும் பாஸ்பரையும் கலந்து பூசினால் பள்ளம் நிரம்பும். 2010-களில் நிச்சியாவின் 219 வரிசை, பின்னர் 519 வரிசை, சாம்சங், லுமினஸ் போன்ற நிறுவனங்களின் சில எல்.இ.டி.கள் ஆகியவை சி.ஆர்.ஐ. 90-ஐத் தாண்டிச் சிறு டார்ச்சுகளுக்குள் வந்தன. இன்று ஒரு பென்சில் பேட்டரியில் எரியும் விரலளவு விளக்கிலேயே அந்தத் தரம் கிடைக்கிறது. ஆனால் எந்த எல்.இ.டி. உள்ளே இருக்கிறது என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். எழுதாத விளக்கில் அது இருக்காது என்று கொள்வதே நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் இருப்பதும், ஆர் 9 தனியே தரப்பட்டிருப்பதும். அடுத்தது நிறவெப்பநிலை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பழைய இழை பல்பின் சி.ஆர்.ஐ. கிட்டத்தட்ட 100, ஆயினும் அதன்கீழ் கருநீலமும் கறுப்பும் பிரிவதில்லை என்று முன்பு கண்டோம். முரண்போல் தோன்றினாலும் முரணில்லை. அந்த எண், 2700 கெல்வின் விளக்கை 2700 கெல்வின் ஒளியோடுதான் ஒப்பிடுகிறது, பகலோடு அல்ல. சாயத் தொழிலில் நிறம் ஒப்பிடும் பெட்டிகள் 6500 கெல்வினை ஒட்டிய டி 65 என்ற பகலொளி நியமத்தைப் பின்பற்றுகின்றன. ஆகவே நூல் பார்க்கும் கைவிளக்கு 4000-க்கும் 5000-க்கும் இடையே இருப்பது நடைமுறைக்கு ஏற்றது. 6500 என்று எழுதிய மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் நீலம் மிகுந்து சிவப்பு குறைந்தவை. டி 65-ஓடு எண் ஒத்திருப்பதை நம்பி ஏமாறக் கூடாது. வீட்டில் இரவு எழுந்து நடக்க மட்டும் என்றால் 3000-ஐ ஒட்டிய மஞ்சள் ஒளி கண்ணுக்கு இதம்.

லூமன் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். சிவப்பைக் கூட்டினால் அதே மின்சாரத்தில் கால் பங்கு அளவுக்கு ஒளி குறையலாம். கையெட்டும் தூரத்தில் நூல் பார்க்க 100 லூமனே தாராளம். தூரம் அடிக்கும் குறுகிய கற்றை இந்த வேலைக்கு உதவாது; நடுவில் கண்ணைக் கூசும் பொட்டும் ஓரத்தில் வேறு சாயலும் இருக்கும். பரந்து ஒரே சீராக விழும் ஒளியே வேண்டும். குறைந்த வெளிச்சத்தில் வைக்கும்போது சில விளக்குகள் வேகமாக அணைந்து அணைந்து எரியும். கைப்பேசிக் கேமராவில் கோடுகள் ஓடினால் அதை அறியலாம். ஓடும் விசைத்தறியின் அருகே அத்தகைய விளக்கு கூடாது. சுழலும் பாகம் நிற்பதுபோலத் தோன்றும்.

மின்கலத்தில் ஓர் எச்சரிக்கை. 14500 எனப்படும் லித்தியம் கலம் உருவத்தில் பென்சில் பேட்டரியை ஒத்தது, மின்னழுத்தமோ 3.7 வோல்ட். பென்சில் பேட்டரிக்கு மட்டுமென்று செய்த விளக்கில் அதைப் போட்டால் விளக்கு கருகிவிடும். மின்சாரம் நம்பத்தகாத இடத்தில், பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பென்சில் பேட்டரி ஏற்கும் விளக்கு புத்திசாலித்தனமான தேர்வு.

அட்டையை நம்ப முடியாவிட்டால் கையிலேயே சோதனை இருக்கிறது. அரக்கு, சிவப்பு, மண்ணிறம், கருநீலம், கறுப்பு ஆகிய ஐந்து நூல் துண்டுகளை ஒரு குச்சியில் கட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். வாசல் வெயிலில் ஒருமுறை, கடைக்குள் நிழலில் டார்ச் ஒளியில் ஒருமுறை பார்த்தால் போதும். எந்த ஆய்வுக்கூட எண்ணும் இந்த அளவுக்கு நேராகப் பதில் சொல்லாது.

விளக்கால் ஆகாதவை

எவ்வளவு நல்ல விளக்கும் மிக மங்கலாக எரிந்தால் நிறம் காட்டாது. மங்கிய ஒளியில் கண்ணின் நிறம் உணரும் கூம்புச் செல்கள் ஓய்ந்து, கறுப்பு வெள்ளை மட்டும் அறியும் கோல் செல்கள் வேலை செய்கின்றன. அந்தி மயங்கும்போது சிவப்பு மலர் முதலில் கறுத்துப்போவதைச் செக் நாட்டு அறிஞர் யான் புர்க்கினே 1819-இல் கவனித்தார். பேட்டரி இறங்கிய டார்ச்சில் நூல் பார்ப்பது வீண்.

வெள்ளை நூல் தனிச் சிக்கல். வெளுப்பு ஊட்டிய பருத்தி நூலில் ஒளிரும் வெண்மையூட்டி சேர்ந்திருக்கும். அது சூரியனின் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்புவதாலேயே வேட்டி பளீரென்று இருக்கிறது. நீல எல்.இ.டி.யை அடிப்படையாகக் கொண்ட டார்ச்சில், சி.ஆர்.ஐ. 95 ஆனாலும், புற ஊதா கிட்டத்தட்ட இல்லை. வெயிலில் வேறுபடும் இரண்டு வெள்ளைகள் அதன்கீழ் ஒன்றாகவே தெரியும். சேலம் வட்டாரம் வெண்பட்டு வேட்டிக்குப் பெயர்பெற்று புவிசார் குறியீடும் பெற்ற வட்டாரம். வெள்ளையிலேயே பல வெள்ளைகள் பிரிக்கும் கண்கள் அங்கே உண்டு. அந்த ஒரு வேலைக்கு மட்டும் இன்னும் விடியும் வரை காத்திருந்து சிட்டத்தை வாசலுக்குத்தான் எடுத்து வர வேண்டியிருக்கிறது.